மாடியில் திறக்கும் ஜெல்லிஃபின் கீழே டிவியில் ஏன் கிடைப்பதில்லை?

நீங்கள் எழுதியதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மாடி அறையில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பில் ஜெல்லிஃபின் (நம்மிடம் இருக்கும் வீடியோ, பாட்டுகளை டிவி, போன் போன்ற மற்ற சாதனங்களுக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) போட்டு, அம்மா அப்பாவின் கல்யாணக் கேசட்டை மாற்றி எடுத்த வீடியோ, குழந்தைகளின் வீடியோ, கொஞ்சம் படங்கள், பாட்டு எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். லேப்டாப்பிலேயே திறந்தால் எல்லாம் ஓடுகிறது. போனில் சில நேரம் திறக்கிறது, சில நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நின்றுவிடுகிறது. கீழே ஹாலில் இருக்கும் டிவியில் ஒரு நாள்கூட சர்வர் கிடைத்ததில்லை. பெங்களூரில் இருக்கும் தங்கைக்காக மாடி ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு குறிப்பிட்ட மெஷினுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு) செய்தும் அவருக்குத் திறக்கவில்லை. கடைசியில் "நல்ல ரௌட்டராக எது வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ரௌட்டரைப் பற்றி வந்திருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். வீட்டுக்குள்ளேயே ஒரு சாதனத்தால் இன்னொன்றை எட்ட முடியவில்லை, அது ஒன்று. வெளியிலிருந்து வீட்டையே எட்ட முடியவில்லை, அது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. சேர்த்துப் பார்த்தால் ஒரு வாரம் உட்கார்ந்தாலும் தீராது.

நான் 15 வருடமாகச் சின்ன அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் கேபிள் இழுத்து நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிறேன். என் வீட்டிலும் ஜெல்லிஃபின்தான் ஓடுகிறது, அதற்கு முன்னால் இதே வகையான ப்ளெக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருந்தேன். ஆனால் உங்கள் மோடத்தின் செட்டிங் பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றை முதலில் சொல்கிறேன்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இருக்கும் சாமான்களிலேயே இது தீரும் என்றுதான் எனக்குப் படுகிறது.

லேப்டாப்பில் திறக்கிறது என்பதால் சர்வர் வெளியே வந்து பேசுகிறது என்று அர்த்தமில்லை. லேப்டாப்பில் நீங்கள் லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டுத் திறந்திருப்பீர்கள். அது 127.0.0.1, ஒரு மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் திறக்கும். எனவே அடுத்த படி, லேப்டாப்பின் வைஃபை செட்டிங்குக்குள் போய் ஐபிவி4 முகவரி என்ன என்று பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், 192.168 என்று தொடங்கும் ஒரு எண்ணாக இருக்கும். அந்த எண்ணைப் போட்டு, ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் 8096, இதை லேப்டாப்பின் பிரவுசரிலேயே திறந்து பாருங்கள். 8096 என்பது ஜெல்லிஃபின் காது கொடுத்துக் கேட்கும் போர்ட், அதாவது ஒரே மெஷினுக்குள் எந்த மென்பொருளைத் தேடி வந்தோம் என்று சொல்லும் எண் (2018 கடைசியில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த மென்பொருள் என்பதால் எம்பிக்கும் இதே எண்தான், ப்ளெக்ஸ் என்றால் 32400). அங்கே திறந்தால் அதே முகவரியைப் போனில் போட்டுப் பாருங்கள். ஜெல்லிஃபின் ஆப்பில் வேண்டாம், பிரவுசரில் போடுங்கள். ஆப் எல்லாத் தோல்விக்கும் 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பதிலைச் சொல்லும். பிரவுசர் அப்படியில்லை, எப்படித் தோற்றது என்பதையும் காட்டும். முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்றே போடுங்கள், எச்டிடிபிஎஸ் வேண்டாம். சில போன் பிரவுசர்கள் தாமாகவே அந்தக் கடைசி 'எஸ்'ஸைச் சேர்த்துவிடுகின்றன, 8096-இல் அது வேலை செய்யாது.

எப்படித் தோற்றது என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், அந்த முகவரியில் ஒரு மெஷின் உயிரோடு இருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. ஒன்று ஜெல்லிஃபின் ஓடவில்லை, அல்லது அந்த முகவரி வேறு ஏதோ ஒரு சாதனத்துக்குப் போய்விட்டது. இதை நான் ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். அரை நிமிடம் வெள்ளைத் திரையில் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்று வந்தால், அனுப்பியது எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. விண்டோஸ் ஃபயர்வால் அப்படித்தான் செய்யும், வேண்டாததற்கு மறுப்புகூடச் சொல்லாமல் ஓசைப்படாமல் கீழே போட்டுவிடும். வேறு நெட்வொர்க்கில் இருந்து தட்டினாலும் இதே அறிகுறிதான். 'அன்ரீச்சபிள்' என்று வந்தால் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யாரும் இந்த வைஃபையில் இப்போது பதில் சொல்லவில்லை என்று பொருள். போன் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை.

இனி என் ஊகத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் நடுவில் "மாடியில் சிக்னல் வரவில்லை என்று போன வருடம் ஒரு ரௌட்டர் கூடுதலாக வைத்தோம், அதே பெயர், அதே பாஸ்வேர்டு" என்று ஒரு வரி இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. கீழே இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம், அதுவே ஒரு ரௌட்டர். அதிலிருந்து ஒரு கேபிள் மாடிக்குப் போய், புது ரௌட்டரின் 'வான்' என்று எழுதியிருக்கும் துளையில் (பெரும்பாலும் நீல நிறத்தில் தனியாக இருக்கும்) சொருகியிருக்கும். கடைக்காரர்கள் அப்படித்தான் மாட்டிவிட்டுப் போவார்கள், இணையம் வருகிறது, யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அப்படி மாட்டினால் உங்கள் வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிட்டது. மாடியில் இருக்கிறவர்கள் கீழே இருக்கிறவர்களைக் கூப்பிட முடியும், ஏனென்றால் அவர்களுக்கு அது வெளியே போகும் வழி. கீழே இருக்கிறவர்களால் மாடியில் இருக்கிறவர்களைக் கூப்பிட முடியாது, மாடி ரௌட்டரைப் பொறுத்தவரை கீழே இருந்து வருவது எல்லாம் இணையத்திலிருந்து வருகிற அந்நியம். சர்வர் மாடியில் இருக்கிறது, டிவி கீழே இருக்கிறது. இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர் என்பதால் போன் எது பலமாக இருக்கிறதோ அதற்குத் தானாகத் தாவிக்கொள்கிறது. மாடியில் உட்கார்ந்தால் திறக்கிறது, ஹாலுக்கு வந்தால் சுற்றுகிறது. உங்கள் 'சில நேரம்' அநேகமாக இதுதான்.

இதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். போனை எடுத்துக்கொண்டு மாடியில் நின்று, வைஃபை விவரத்தில் போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். பிறகு ஹாலுக்கு வந்து வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள். மேலே 192.168.0 என்று தொடங்கி, கீழே 192.168.1 என்று தொடங்கினால் (எண்கள் வேறாக இருக்கலாம், மூன்றாவது எண் மாறுகிறதா என்பதுதான் முக்கியம்) என் ஊகம் சரி. இன்னும் ஒரு சோதனையும் இருக்கிறது, இது உங்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. நீங்கள் மாடி ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? மாடி ரௌட்டரின் செட்டிங் பக்கத்தில் 'வான் ஐபி' என்று ஒரு எண் இருக்கும், கீழ் மோடம் அதற்குக் கொடுத்த எண். ஹாலில் நின்றுகொண்டு போனில் அந்த எண்ணையும் 8096-ஐயும் போடுங்கள். ஜெல்லிஃபின் திறந்துவிட்டால் வேறு சாட்சியே வேண்டாம், நீங்கள் பெங்களூருக்குத் திறந்ததாக நினைத்த கதவு மாடிப்படிக்குத்தான் திறந்திருக்கிறது.

இதற்கு வைத்தியம் சுலபம். இப்போது வரும் ரௌட்டர்களில் பெரும்பாலானவற்றில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மாடி ரௌட்டர் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை பெட்டியாக மாறிவிடும், வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். அந்தத் தேர்வு இல்லாத பழைய மாடலாக இருந்தால் கையால் செய்யலாம்: முதலில் மாடி ரௌட்டரின் சொந்த முகவரியைக் கீழ் மோடத்தின் வரிசையில் வருகிற, யாரும் பயன்படுத்தாத ஒரு எண்ணாக மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கடைசியாகக் கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து லேன் துளை (வீட்டுச் சாதனங்களை மாட்டுவதற்கானது) ஒன்றில் மாட்டுங்கள். வரிசை முக்கியம். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்து, பாதிச் சாதனங்களுக்கு இணையமே போய்விடும். இந்த வேலையில் இறங்குவதற்கு முன்னால் உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து கீழ் மோடத்தின் வைஃபையில் இணைத்து, டிவியில் ஒருமுறை திறந்து பாருங்கள். இணைத்த பிறகு லேப்டாப்பின் முகவரி மாறியிருக்கும், புது எண்ணைத்தான் டிவியில் போட வேண்டும்.

சரி, மேலும் கீழும் ஒரே வரிசை எண்தான் வருகிறது என்றால் என் ஊகம் அநேகமாகத் தப்பு, அப்போது வேறு சிலதைப் பார்க்க வேண்டும். (இரண்டு பெட்டியும் 192.168.1 வரிசையையே கொடுக்கும் வீடுகளும் உண்டு. அதனால் மாடி ரௌட்டரின் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.) டிவி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா? கெஸ்ட் வைஃபை என்பதே ஒருவரை ஒருவர் பார்க்க விடாமல் இணையம் மட்டும் கொடுப்பதற்காக உள்ளது. மோடத்தில் 'ஏபி ஐசோலேஷன்' என்று ஒன்று டிக் ஆகியிருந்தாலும் அதே விளைவு. அப்புறம் விண்டோஸ். புதிதாக ஒரு வைஃபையில் சேரும்போது அதைப் பொது நெட்வொர்க்காக எடுத்துக்கொள்வதா வீட்டு நெட்வொர்க்காக எடுத்துக்கொள்வதா என்று விண்டோஸ் முடிவு செய்துகொள்கிறது. 'பப்ளிக்' என்று பதிந்துவிட்டால் வெளியிலிருந்து வருவதை எல்லாம் தடுக்கப் பார்க்கும். வைஃபையின் விவரப் பக்கத்தில் போய் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள், பிறகு ஃபயர்வாலில் ஜெல்லிஃபினுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள் இன்னொரு ஃபயர்வால் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். ஃபயர்வாலையே முழுதாக அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை நிறைய கிடைக்கும். ஒரு நிமிடம் அணைத்துச் சோதித்துவிட்டு உடனே போட்டுவிடுவது வேறு, அப்படியே விட்டுவிடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

லேப்டாப்பைச் சர்வராக வைப்பவர்களுக்கே உரிய ஒரு தொல்லை தூக்கம். மூடியைச் சாத்தினாலோ, கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தாலோ அது தூங்கிவிடும். இதில் மாட்டிக்கொண்டவர்கள் கண்டுபிடிக்கத் திணறுவதற்குக் காரணம் இருக்கிறது: போனில் திறக்கவில்லை என்று மாடிக்குப் போய் லேப்டாப்பைத் திறந்து பார்ப்பீர்கள், திறந்த நொடியே அது விழித்துக்கொள்ளும், போனிலும் வந்துவிடும், 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும். அதனால் அடுத்த முறை திறக்காதபோது லேப்டாப்பைத் தொடாமல், அதன் விளக்கு மட்டும் எப்படி எரிகிறது என்று பாருங்கள். மெதுவாக மின்னி மின்னி எரிந்தாலோ முழுதாக அணைந்திருந்தாலோ தூக்கம்தான். பவர் செட்டிங்கில், சார்ஜரில் இருக்கும்போது தூங்கவே கூடாது, மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யக் கூடாது என்று இரண்டையும் மாற்றுங்கள். முடிந்தால் லேப்டாப்பை வைஃபையில் விடாமல் கேபிளிலேயே ரௌட்டரோடு இணைத்துவிடுங்கள். இந்த ஒரு காரியம் மட்டும் எத்தனையோ வீடுகளில் பாதிக் குறையைத் தீர்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நெட்வொர்க் ஒன்றான பிறகும் 'நேற்று வரை வந்தது, இன்று வரவில்லை' என்று ஒரு நாள் வரும், அதற்கும் இப்போதே தயாராகிவிடலாம். என் மாமனார் வீட்டில் நான் வைத்துக் கொடுத்த சர்வர், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒரு நாளின் மாலையில் டிவியில் வரவில்லை. போய்ப் பார்த்தால் லேப்டாப் பேட்டரியில் விழித்தேதான் இருந்திருக்கிறது, ஜெல்லிஃபினும் ஓடுகிறது. ரௌட்டரில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். லேப்டாப் 192.168.1.5-இலிருந்து 8-க்கு நகர்ந்திருந்தது, 5 என்ற எண் மாமியாரின் போனுக்குப் போயிருந்தது. டிவி கரண்ட் வந்ததிலிருந்து அவருடைய போனைத் தட்டிக்கொண்டிருந்தது. ரௌட்டர் அணைந்து எழும்போது யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற கணக்கை மறந்துவிடும் மாடல்கள் உண்டு, அப்புறம் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு முதல் எண். இதைத் தடுக்க ரௌட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்று ஒரு இடம் இருக்கும். லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் வன்பொருளுக்கே உரிய அடையாள எண்) இந்த எண்தான் என்று அங்கே ஒருமுறை எழுதிவிட்டால் போதும். கவனிக்க வேண்டியது, வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிள் துளைக்கு வேறொரு மேக் முகவரி. எதில் இணைக்கப் போகிறீர்களோ அதன் முகவரியை எழுதுங்கள். விண்டோஸில் 'ராண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்ற தேர்வு போட்டிருந்தால் வைஃபையில் அதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் எழுதிவைத்த முகவரிக்கு ஆளே வரமாட்டார்.

டிவியில் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வருவதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். ஆப் முதலில் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுக்கும், ஜெல்லிஃபினில் அது 7359 என்ற யுடிபி போர்ட்டில் நடக்கிறது. அந்தக் குரலைச் சில ரௌட்டர்கள் வைஃபையிலிருந்து கேபிள் பக்கம் சரியாகக் கடத்துவதில்லை, ஃபயர்வாலும் தடுக்கலாம். அதனால் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனாலே இணைக்க முடியாது என்று ஆகிவிடாது. தேடலை விட்டுவிட்டு 'சர்வர் சேர்' என்ற இடத்தில் முகவரியைக் கையால் அடித்துவிடுங்கள். ரிமோட்டில் அடிப்பது எரிச்சலான வேலைதான், ஆனால் ரிசர்வேஷன் செய்துவிட்ட பிறகு ஒருமுறை அடித்தால் போதும்.

இனிமேல்தான் உங்கள் தங்கையின் பக்கம். மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் அவருக்குத் திறக்காது என்று நினைக்கிறேன், இது ஊகம்தான், ஆனால் பலமான ஊகம். கீழ் மோடத்தின் செட்டிங் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். பிறகு 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் ஏதாவது ஒரு தளத்தில் அது என்ன எண் சொல்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வழி உண்டு, அதைக் கீழ் மோடத்தில் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் வேறாக இருந்து, மோடத்தின் எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினாலோ 10 என்று தொடங்கினாலோ நீங்கள் சிஜிநேட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஐபிவி4-இல் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய 429 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரியில் உலகத்தின் பொதுக் கையிருப்பு தீர்ந்தது, அதே வருடம் ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான அமைப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டுக்கொரு முகவரி கொடுக்க வழியில்லாமல், பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்க ஆரம்பித்தார்கள். அதற்காகவே 2012-இல் ஒதுக்கிய வரிசைதான் அந்த 100.64.

அபார்ட்மென்ட் போல நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரே கேட், ஒரு வாட்ச்மேன். உள்ளே இருந்து யாராவது ஏதாவது வரவழைத்தால் அவர் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, வரும்போது சரியான வீட்டுக்கு அனுப்புவார். யாரும் சொல்லாமல் வெளியாள் ஒருவர் வந்து நின்றால் எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார். நீங்கள் செய்த போர்ட் ஃபார்வர்டிங் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தது, கேட்டில் இருப்பவர் இணைய நிறுவனத்தின் ஆள். எவ்வளவு விலை கொடுத்து ரௌட்டர் வாங்கினாலும் இது மாறாது. அதனால்தான் முதலிலேயே வாங்காதீர்கள் என்றேன்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. இணைய நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்கலாம், வீட்டு இணைப்புக்குக் கொடுக்கிறார்களா, எவ்வளவு கேட்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டாவது ஐபிவி6, ஐபி முகவரியின் புது வடிவம். அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, ஆனால் மோடத்தின் ஐபிவி6 ஃபயர்வாலில் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும், தங்கை இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும், அவருடைய மொபைல் டேட்டாவில் வேலை செய்து ஹாஸ்டல் வைஃபையில் செய்யாமல் போகலாம். மூன்றாவது, நான் என் வீட்டில் வைத்திருப்பதும் யார் கேட்டாலும் சொல்வதும், டெயில்ஸ்கேல், வெவ்வேறு இடத்தில் இருக்கும் சாதனங்களை ஒரே தனி நெட்வொர்க்காகச் சேர்க்கும் மென்பொருள். லேப்டாப்பிலும் தங்கையின் போனிலும் அதைப் போட்டு ஒரே கணக்கில் உள்ளே நுழைந்தாலோ, உங்கள் மெஷினை அவர் கணக்கோடு பகிர்ந்தாலோ, இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும். வாட்ச்மேனுக்கு அதில் ஆட்சேபமில்லை. உள்ளே போவது வயர்கார்டு என்ற மறையாக்கம், நடுவில் யாரும் படிக்க முடியாது. வீட்டு உபயோகத்துக்கு இலவசத் திட்டமே தாராளம். அது கொடுக்கும் எண்ணும் 100 என்றுதான் தொடங்கும், அதைப் பார்த்துச் சிஜிநேட் எண் என்று குழம்ப வேண்டாம். இன்னொன்று, அந்த 100 வரிசையை ஜெல்லிஃபின் வீட்டு முகவரியாக எடுத்துக்கொள்ளாது, வெளியாளாகத்தான் நினைக்கும். நெட்வொர்க்கிங் பக்கத்தில் வெளி இணைப்புகளை அனுமதிக்கும் டிக் இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் சரியாக இருந்தும் திறக்காது. இந்த வழியின் குறை, பார்க்கும் சாதனம் ஒவ்வொன்றிலும் அதைப் போட வேண்டும். ஆண்ட்ராய்டு டிவியில் ஆப் இருக்கிறது, சாம்சங், எல்ஜி டிவிகளின் சொந்தக் கடைகளில் இல்லை.

பொது ஐபி கிடைத்தாலும் 8096-ஐ அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். அது மறையாக்கம் இல்லாத வழி, தங்கை அடிக்கும் பாஸ்வேர்டு வழியில் இருக்கும் யாருக்கும் படிக்கக் கிடைக்கும், கூடவே உலகம் முழுக்கத் திறந்த போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் மென்பொருட்கள் உங்கள் கதவையும் தட்டும். உள்ளே இருப்பது உங்கள் குடும்பத்தின் வீடியோ. இந்த ஒன்றில் மட்டும் 'முதலில் ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ப்ளெக்ஸுக்கு மாறலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். சிஜிநேட்டைத் தாண்ட அதில் ரிலே என்று, ப்ளெக்ஸின் சொந்த சர்வர் வழியாக அனுப்பும் ஒரு வழி உண்டு, ஆனால் இலவசக் கணக்குக்கு வினாடிக்கு 1 மெகாபிட்தான் அதில் போகும், அதோடு 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து வீட்டுக்கு வெளியே பார்ப்பதற்குக் காசு கட்ட வேண்டும். உங்கள் தேவைக்கு மாற வேண்டியதில்லை.

கடைசியாக, இணைப்பு வந்த பிறகு ஒன்று நடக்கலாம். டிவியில் படங்களின் பட்டியல் எல்லாம் வரும், கல்யாண வீடியோவைத் தொட்டால் மட்டும் ஓடாது அல்லது திக்கித் திக்கி ஓடும். அதை இணைப்புச் சிக்கல் என்று நினைத்து மறுபடி ரௌட்டரில் கை வைக்காதீர்கள். பட்டியல் வந்துவிட்டது என்றாலே டிவி சர்வரை எட்டிவிட்டது. கேசட்டிலிருந்து மாற்றியவை பெரும்பாலும் டிவிடிக்கான எம்பெக்-2 வடிவத்தில் இருக்கும், அதை நேரடியாக ஓட்டத் தெரியாத டிவிக்காக லேப்டாப் உட்கார்ந்து அந்த நேரத்திலேயே மாற்றிக்கொடுக்க வேண்டியிருக்கும். வீடியோ ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்தால் 'டிரான்ஸ்கோடிங்' என்று காட்டும், பழைய லேப்டாப்பின் விசிறியும் சத்தம் போடும். அந்த ஒரு சில வீடியோக்களை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 எம்பி4 வடிவமாக ஒருமுறை மாற்றி வைத்துவிடுங்கள், கேசட்டிலிருந்து எடுத்த மூல ஃபைலை அழிக்காமல் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். கேசட் இனி இன்னொருமுறை ஓடும் என்று நம்ப முடியாது.

மாடியிலும் ஹாலிலும் போன் காட்டிய எண், மாடி ரௌட்டரின் கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது, கீழ் மோடத்தின் வான் ஐபியில் முதல் இரண்டு எண்கள் (முழு எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம்), இந்த மூன்றையும் இங்கேயே பதிலில் போடுங்கள். ரௌட்டர் மாடலையும் சேர்த்துச் சொன்னால் ஆக்சஸ் பாயின்ட் மோட் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தேடிப் பார்த்து எழுதுகிறேன்.